தந்தையார் வைத்த ஒட்டு

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் இல்லத்தின் பின்புறம், தென்னைகளுக்கிடையே ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் நிற்பது 1969-இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். நாகர்கோவிலிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த எங்கள் தந்தையார், பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு வாங்கியது. அவர் மறைந்தபின், அதனை மீண்டும் ஓடச் செய்வதென உடன்பிறந்தோர் மூவரும் முடிவு செய்தோம்.

ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் உருவானது. எங்களைப் போலவே இங்கு வந்து குடியேறியது. அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. பட்டறையில் 'சேஸ்' என்பார்கள். இங்கிலாந்தில் உடற்கூடு செய்து தந்த நிறுவனம் 1953-இல் போட்டியாளர் வசம் போய்விட்டது. ஆகவே 1959-இல் வெளிவந்த ஹெரால்டைத் தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டாகப் பூட்டும்படி அமைத்தார்கள். வீட்டுக் கொட்டகையில் நாங்கள் கைவைக்க முடிந்ததும் அதனாலேயே.

இவ்வூருக்கு இத்தகைய வேலை புதிதன்று. 1938 பிப்ரவரி 20-இல் திருவிதாங்கூர் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்தவை 60 காமர் அடிச்சட்டங்களே. சால்டர் என்ற ஆங்கிலேயரின் மேற்பார்வையில், துறையின் ஊழியர்களே அவற்றின்மீது உடல் கட்டினார்கள்.

வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, திருப்புளியால் குத்திப் பார்த்தோம். உடலைத் தாங்கும் பக்கக் கைகளில் ஒன்று பொலபொலவென உதிர்ந்தது. இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் செய்த வேலை என்றெண்ணினோம். கரியைச் சுரண்டியபோதுதான் உண்மை தெரிந்தது: துருவை வெட்டி எடுக்காமலே, அதன்மேல் ஓர் இரும்புக் கோணத்தை யாரோ பற்றவைத்திருந்தார்கள். யாரோ என்ன! இதே கொட்டகையில் தந்தையார் தம் கையால் செய்தது. இரண்டு இரும்புக்குமிடையே தேங்கிய மழைநீர், நல்ல பகுதியையும் அரித்துவிட்டிருந்தது.

தமையனார், சட்டம் முழுமைக்கும் கனத்த சேனல் வைத்து வலுவூட்டலாம் என்றார். வெல்டிங் அண்ணாச்சி மறுத்தார்: "ஓரிடத்தை மட்டும் கனமாக்கினால், ஒட்டு முடிகிற ஓரத்தில் விரிசல் விடும், தம்பி. பழைய தகட்டின் கனமே போதும்." 2021-இல் வந்த மத்திய அரசு விதியும் அவர் பக்கமே நின்றது. ஐம்பதாண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அடிச்சட்டத்தையோ உடலையோ எஞ்சினையோ மாற்றியிருக்கலாகாது.

ஆக, தந்தையார் வைத்த ஒட்டையே வெட்ட வேண்டியதாயிற்று. ஒருவருக்கும் கை வரவில்லை. கொட்டகை வாசலில் நின்ற அன்னையார் சொன்னார்: "உங்களைப் பத்திரமாய்ப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்க்க அப்பா வைத்தது அது. அந்த வேலை முடிந்தாயிற்று. வெட்டுங்கள்."

பெட்ரோல் தொட்டியையும் பேட்டரியையும் கழற்றினோம். உடல் கோணாதிருக்கக் கதவு வாயில்களில் கம்பி முட்டுக் கொடுத்தோம். துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே கனமுள்ள தகட்டால் பழைய வடிவிலேயே கை செய்து பொருத்தினோம். மூலைக்கு மூலை நாடா பிடித்தபோது இரு குறுக்களவும் ஒத்திருந்தன. உள்ளே மழைநீர் பற்றாதிருக்க மெழுகெண்ணெய் பீய்ச்சினோம். கதவுகள் முன்போலவே சாத்திக்கொண்டன.

தந்தையார் செய்தது பிழை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அயலூரில், கையிலிருந்த இரும்பைக் கொண்டு, மறுநாள் காலை வண்டி ஓட வேண்டுமென்று இரவில் செய்த வேலை அது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவும் இத்தகைய ஒட்டுகளின்மீது நின்றே வளர்ந்திருக்கின்றன. அவற்றை நன்றியோடு கழற்றி, அடியிலுள்ளதைச் செம்மை செய்வது அடுத்த தலைமுறையின் கடமை.

அந்த இரும்புக் கோணத்தை நாங்கள் எறிந்துவிடவில்லை. துரு நீக்கிச் சாயம் பூசிச் சுவரில் அறைந்தோம். கொட்டகையில் ஸ்பானர்கள் வைக்கும் பலகையை இன்று அதுதான் தாங்குகிறது.