மரக்காணத்து டீக்கடையில் ராபின் சிங்

மாப்ளே,

மரக்காணம் வந்து சேர்ந்தேன். பாண்டிச்சேரி அவசரத்தில் ஈசிஆரில் கார்கள் பறக்கின்றன. உப்பளத்தை செல்போனில் பிடிக்க மட்டும் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். உப்பு வாருகிறவர்கள் விடியுமுன்னே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் கண்ணைத் திறக்க முடியவில்லை. நம்ம ஊர் வெயிலே தேவலை.

அதை விடு. டீக்கடையில் ஒருத்தரோடு வாய்ச்சண்டை. எதிரே, தண்ணி பாய்ச்சாத தரிசில் பையன்கள் கிரிக்கெட், தெப்பக்குளம் காய்ந்து கிடந்தப்போ நாம ஆடின மாதிரியே. பாயிண்டில் நின்ற பொடியன் ஒருத்தன் அந்தக் கட்டாந்தரையில் பாய்ந்து விழுந்து பந்தை அமுக்கினான். "ராபின் சிங்குடா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரர், "யாரு, ஒரே ஒரு டெஸ்ட் ஆடினாரே, அவரா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

ஒரே டெஸ்ட்தான், 1998, ஹராரே. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்? டிரினிடாடில் பிறந்து, மெட்ராஸுக்குப் படிக்க வந்து, 1987-88இல் ரஞ்சிக் கோப்பை ஜெயித்த தமிழ்நாட்டு அணியில் ஆடினவர். 1989இல் வெஸ்ட் இண்டீஸில் இரண்டு ஒருநாள் ஆட்டம் கொடுத்தார்கள். அப்புறம் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டது 1996இல், 33 வயசில். மற்றவர்கள் மூட்டைகட்டுகிற வயசில் ஆரம்பித்து 136 ஒருநாள் ஆட்டம் வரைக்கும் போனார்.

"டாக்கா ஞாபகம் இருக்கா?" என்றேன். "கனித்கர் ஃபோரு" என்றார். இதுதான் எரிச்சல்! 1998 ஜனவரி, பாகிஸ்தான் 314. அதைத் துரத்தினப்போ கங்குலி 124, மூணாவதாக இறங்கின ராபின் 82, இரண்டு பேரும் சேர்ந்து 179. ஊருக்குக் கனித்கர் அடித்த கடைசி ஃபோர் மட்டும்தான் நினைவிருக்கு.

பேட்டிங்கே இப்படி என்றால் ராபினின் ஃபீல்டிங்கை யார் நினைப்பார்கள்? உன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து பேஸ்பால் வீடியோ அனுப்புவாரே, அதில் இரண்டாவது பேஸுக்கும் மூணாவதுக்கும் நடுவில் நிற்பானே ஷார்ட்ஸ்டாப், அவன்தான் நினைவுக்கு வந்தான். ஓசி ஸ்மித் என்று ஒருத்தர், பேட்டிங் சுமார்தான். பந்து பிடிக்கிற கைக்கு 13 கோல்டு குளவ் விருது கொடுத்து, 2002இல் ஹால் ஆஃப் ஃபேமிலும் உட்கார வைத்தார்கள். நம்ம ஸ்கோர்கார்டில் கேட்ச் பிடித்தால் பேர் வரும். நாலு போகிற பந்தை விழுந்து மறித்து ஒன்றாக்கினால் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ராபின் அடித்த 2336 ரன் கணக்கில் இருக்கு. தடுத்தது எங்கே இருக்கு? முழங்கை சிராய்ந்த இந்தப் பொடியனுக்கும் பேட்டிங் கடைசியில்தான் வந்தது, அதுவும் இரண்டே பந்து.

பெஞ்சுக்காரர் கடைசிவரை இறங்கி வரவில்லை. ஜடேஜாவுக்கு அப்புறம்தான் எவனும் என்கிறார். நாளைக்கும் வருவாராம். 2007இல் ராபின் இந்திய அணிக்கே ஃபீல்டிங் கோச்சாகப் போன கதையை இன்னும் எடுக்கவில்லை, நாளைக்கு வைத்திருக்கிறேன்.