சாந்துக்குள் போன பெயர்கள்

ரோம்

அன்புள்ள மாப்ளே,

நேற்று ஒஸ்தியாவுக்குப் போய் வந்தேன். நாள் முழுக்க நடந்த கால்வலி இன்னும் விடவில்லை. ஆனாலும் இதை உனக்கு இன்றைக்கே எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது. காளவாசல் புகையில் பிறந்து வளர்ந்தவன் நீ. நான் பார்த்துவிட்டு வந்ததன் அருமை உனக்குத்தான் தெரியும்.

ரோமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். தைபர் ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்த பழைய துறைமுக ஊர் இது. வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் இப்போது தள்ளிப் போய்விட்டது. குடை விரித்தாற்போல நிற்கும் பைன் மரங்களுக்கு நடுவே தெருத் தெருவாகச் செங்கல் சுவர்கள். கடை, குளியல்கூடம், மாடி வீடு, கிட்டங்கி என்று எல்லாமே செங்கல்தான்.

முழுச் சுவரைப் பார்த்தால் நம் ஊர்ச் சுவர் மாதிரியே இருக்கிறது. இடிந்த இடத்தில் எட்டிப் பார்த்தால்தான் சூட்சுமம் புரிகிறது. இருபது சென்டிமீட்டர் சதுரக் கல்லை மூலைக்கு மூலை வெட்டி முக்கோணமாக்கியிருக்கிறார்கள். நீளமான பக்கம் வெளியே தெரியும். கூர்முனை சுவருக்குள் போகும். இரண்டு முகங்களுக்கும் நடுவே சுண்ணாம்பு, எரிமலை மண், உடைகல் எல்லாம் கலந்த காரை. கூர்முனை அந்தக் காரையைக் கவ்விக்கொள்கிறது. இடையிடையே சுவரின் முழு அகலத்துக்கும் பெரிய கல்லாக ஒரு வரி ஓடுகிறது. 59 சென்டிமீட்டர் சதுரம், ரோமானியர் அடிக்கணக்கில் இரண்டடி. ஒரு கல் எப்படியும் இருபது கிலோ தேறும். அவ்வளவு பெரிய பச்சைக்கல்லை நெளியாமல் கோணாமல் அச்சிலிருந்து எடுத்துக் களத்தில் காயப்போட்டிருக்கிறார்களே, அந்தக் கைகளை நினைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்படி ஒரு கல்லின் உடைந்த துண்டு புல்லில் கிடந்தது. குனிந்து பார்த்தேன். நடுவில் பிறை வடிவத்தில் ஒரு முத்திரை. பிறையின் வளைவோடு இரண்டு வரி எழுத்து. பச்சை மண்ணில் அச்சை அழுத்தும்போது கை லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும்; ஒரு பக்கத்து எழுத்து ஆழமாகவும் மறுபக்கம் தேய்ந்தாற்போலவும் இருந்தது. முத்திரைக்கு அருகே வழித்துவிட்ட விரல் தடம். உன் அப்பா அச்சின் மேல் மண்ணை வழித்துவிடும்போது கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பாரே, அதே தடம்.

இந்த முத்திரைகளுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் நீள்சதுரமாக இருந்தது பிறையாக மாறி, பிறகு கிட்டத்தட்ட முழு வட்டமாகிவிட்டது. வடிவத்தைப் பார்த்தே உத்தேசமாகக் காலம் சொல்லிவிடுவார்கள். எந்த நிலத்து மண், நிலம் யாருடையது, சூளைப் பொறுப்பு யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். சிலவற்றில் ஆண்டும் உண்டு. அந்த ஆண்டின் இரண்டு கான்சல்கள் என்ற தலைமை ஆட்சியாளர்களின் பெயரைச் சொல்லித்தான் ரோமில் ஆண்டைக் குறிப்பார்கள். பைதினுஸ், அப்ரோனியானுஸ் என்ற இரு பெயர்கள் இருந்தால் கி.பி. 123. அந்த ஆண்டுக் கற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1891இல் ஹைன்றிக் டிரெசல் இந்த முத்திரைகளையெல்லாம் ஒரு பெரிய தொகுப்பாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே ஒரு விஷயம் நடந்தது. பாந்தியன் கோயில் உனக்குத் தெரியும், படம் அனுப்பியிருந்தேன். அதன் முகப்பில் இதைக் கட்டியது அக்ரிப்பா என்று ஆளுயரத்தில் பாதிக்கு எழுதி வைத்திருக்கிறது. அவர் கிறிஸ்துவுக்கு முற்பட்டவர். அந்த வரியை நம்பித்தான் வெகுகாலம் கட்டடத்தின் வயதைச் சொல்லிவந்தார்கள். 1892இல் ஜார்ஜ் ஷெதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கட்டடத்தின் உள்ளே இருந்த செங்கற்களை ஆராய்ந்தார். அவற்றில் இருந்தவை பேரரசர் ஹேட்ரியன் காலத்து முத்திரைகள். பழைய கோயில் எரிந்துபோய், அக்ரிப்பா கட்டி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்துப் புதிதாக எழுந்த கட்டடத்துக்குப் பழைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஹேட்ரியனுக்கு முன்பிருந்த டிராஜனின் கடைசி ஆண்டுகளிலேயே வேலை தொடங்கிவிட்டது என்று இப்போது வாதிடுகிறவர்களும் இந்த முத்திரைகளைத்தான் காட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் அந்த முத்திரை யார் கண்ணிலும் படுவதற்காகக் குத்தியதில்லை. அது கல்லின் தட்டைப் பக்கத்தில் இருக்கிறது. மேல் வரி ஏறியதும் சாந்துக்குள் போய்விடும். எல்லாக் கல்லிலும் குத்தவும் இல்லை. எனக்கென்னவோ அது சூளைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு என்றுதான் படுகிறது. உங்கள் சூளைக் கல்லின் குழிக்குள் அச்சு பதிக்கும் இரண்டு எழுத்தும் கலவைக்குள் போகிறவைதானே?

முத்திரைகளில் அடிக்கடி வரும் பெயர் ஒரு பெண்ணுடையது: டொமிட்டியா லூசில்லா. பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுஸைப் பெற்றவள். ரோமுக்கு வடக்கே தைபர் பள்ளத்தாக்கில் பரம்பரையாக வந்த களிமண் நிலங்களும் சூளைகளும் அவளுடையவை. கல் படகேறி ஆற்றோடு தலைநகரத்துக்கு வந்துவிடும். தாயின் சொத்து மகனுக்குப் போனது. பின்னால் வந்த பேரரசர் கராகல்லாவின் காலத்துக்குள் ஏறக்குறைய எல்லாச் சூளைகளும் பேரரசரின் சொத்தாகிவிட்டன.

என்னை உலுக்கியது வேறொரு முத்திரை. லூசில்லாவின் முன்னோர் டொமிட்டியுஸ் டுல்லுஸ் காலத்தது. அதில் மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன: ட்ரோஃபிமுஸ், அகதோபுலுஸ், டுல்லுஸ். அதாவது டுல்லுஸின் அடிமை அகதோபுலுஸ், அவனுடைய அடிமை ட்ரோஃபிமுஸ். அடிமைக்கு ஒரு அடிமை! பிந்திய முத்திரைகளில் அகதோபுலுஸின் பெயருக்கு முன்னால் டொமிட்டியுஸ் என்ற எசமானின் குடும்பப் பெயரும் சேர்ந்து வருகிறது. விடுதலை பெற்றவர்கள் அப்படித்தான் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒரு மனிதனுக்கு விடுதலை கிடைத்த சேதி செங்கல்லில் பதிந்து கிடக்கிறது, மாப்ளே.

ஆனால் இவர்களும் பொறுப்பாளர்கள்தான். மண் மிதித்து அறுத்தவர்கள் பெயர் முத்திரையில் கிடையாது. குரோஷியாவில் சிசாக் என்ற ஊரில் கிடைத்த ஒரு ரோமானியச் செங்கல்லில், மண் காய்வதற்குள் யாரோ குச்சியால் கணக்குக் கீறியிருக்கிறார்கள். ஜூலை முதல் தேதி. செவெருஸ் 220, ஃபோர்டிஸ் 220, கான்டிடுஸ் 220, ஃபெலிசியோ 220. ஆக 880. நாலு பேர், ஆளுக்கு ஒரே எண்ணிக்கை. ஒரு கல் குறைந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதில் இல்லை.

அதைப் படித்ததும் உங்கள் களத்தில் சாயங்காலம் கல் எண்ணும் சத்தம் கேட்டது எனக்கு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணி முடிக்கும் வரை ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். உன் அம்மா நோட்டில் பெயர் எழுதி, பக்கத்தில் கோடு போடுவார்கள்.

அந்த நோட்டுகள் இருக்கின்றனவா? இருந்தால் கரையான் அரிப்பதற்குள் எடுத்து வை. இல்லையென்றாலும் அம்மாவுக்கு ஆட்கள் நினைவிருப்பார்கள். யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் அச்சுப் பிடித்தார்கள், யார் கல் சுமந்தார்கள் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து கேட்டு எழுது. பரணில் கல் அறுத்த அந்தத் தேக்கு அச்சு கிடந்தால் எழுத்து இருக்கும் பக்கத்தைத் துடைத்து ஒரு படம் அனுப்பு. அந்த எழுத்தைச் செதுக்கிய ஆசாரியின் பெயரையும் அம்மாவிடம் மறக்காமல் கேள்.

அன்புடன்,
உன் நண்பன்