வாய் திறக்காத பெண்

போன தை மாதம் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக என் மகள் தலையைச் சொறிந்துகொண்டே, "அம்மா, எங்க வகுப்பிலே ஒரு ஒடிசாப் பொண்ணு சேர்ந்திருக்கா. என் பக்கத்திலேதான் உட்கார்றா. வாயே திறக்க மாட்டேங்கிறா" என்றாள். எனக்கு அவள் சொறிந்ததுதான் கண்ணில் பட்டது. பேன்! மறுநாளே போய், இவளை இடம் மாற்றி உட்கார வைக்கும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் பேன் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மாமியார் மெதுவாகக் கேட்டார்: "தீபாவளிக்கு முன்னாடியே இவ தலையிலே பேன் இருந்துதே, அப்போ எந்த ஒடிசாப் பொண்ணும்மா வந்தா? வாய் திறக்கலேங்கிறீங்க. நீ இந்த வீட்டுக்கு வந்த புதுசிலே எப்படி இருந்தே?"

சுருக்கென்றது. நான் கும்பகோணத்துப் பெண். சிங்காரப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, புகுந்த வீட்டில் எல்லோரும் தங்களுக்குள் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். (எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது சகஜம். ஓசூர் பக்கம் போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும்.) "நீள்ளு" கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அடுப்படியில் போய் அழுவேன். இருபத்திரண்டு வயசில் எனக்கே அப்படியென்றால், ஏழு வயசுக் குழந்தை என்ன செய்யும்?

மறுபடி பள்ளிக்கூடம் போய், நான் சொன்னதை மறந்துவிடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன். அவர்தான் விவரம் சொன்னார். பெற்றோருக்குச் செங்கல் சூளையில் வேலை. மேற்கு ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா பக்கத்து ஏழைக் குடும்பங்கள் அறுவடை முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைகளுக்குக் கிளம்பும். மழைக்கு முன் திரும்பும். பிள்ளைகளுக்கு அங்கே பாதிப் படிப்பு, இங்கே பாதிப் படிப்பு. பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பயந்து, இந்தக் குழந்தையை இரண்டு மாதம் சூளையிலேயே வைத்திருந்தார்களாம். பயமே வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயசு வரையுள்ள குழந்தையை வயசுச் சான்று இல்லையென்றோ, வருஷ நடுவில் வந்ததென்றோ சேர்க்க மறுக்கக்கூடாது. உங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்த குடும்பம் இருந்தால் இதை மட்டுமாவது சொல்லுங்களேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போனேன். எனக்கு ஹிந்தி சுட்டுப்போட்டாலும் வராது. அந்த அம்மா குடிசை வாசலில் சோற்றில் தண்ணீர் ஊற்றி, வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அட, நம்ம பழைய சோறு! நான் கையால் காட்டினேன். "பகாள்" என்றாள். "பழையது" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. வகுப்பில் எல்லோரும் அந்தப் பெண்ணின் பெயரையே தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள்? அம்மா மூன்று தரம் சொல்லிக்காட்ட, என் மகள் பிடித்துக்கொண்டாள்.

டீச்சரும் ஒரு வேலை செய்தார். தினம் ஒரு சாமானைத் தூக்கிக் காட்டி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று அவளைக் கேட்பார். வகுப்பே அதைத் திருப்பிச் சொல்லும். தப்பாகச் சொன்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளாம். மாசி முடிவதற்குள் என் மகளோடு தமிழில் சண்டை போடுமளவுக்குத் தேறிவிட்டாள்.

சித்திரை கடைசியில் ஊருக்குக் கிளம்பினார்கள். டீச்சர் கொடுத்த சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரயிலுக்குப் புளிசாதமும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். சூளை வாசலில் அந்த அம்மா என் மகளை மடியில் சாய்த்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.