மிச்சமிருக்கும் மாத்திரைகள்

கருவுற்ற பெண்ணிடம் கிராம சுகாதாரச் செவிலியர் முதலில் கேட்பது கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியை. அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பேறுகாலத் தேதி. தேதி நினைவில்லாதவர்கள் ‘ஆடிப் பெருக்குக்கு ரெண்டு நாள் முந்தி’ என்பார்கள். ஸ்கேன் எடுக்கும்வரை அந்தச் சொல் ஒன்றே ஆதாரம்.

அடுத்த கேள்வி கடினமானது: இதற்கு முன் கரு தங்கிக் கலைந்ததுண்டா? மாமியார் பக்கத்தில் இருந்தால் ‘இல்லை’ என்றே பதில் வரும். தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால் அந்த ‘இல்லை’ ஆபத்தானது. கலைந்த கரு பாசிட்டிவாக இருந்து, 72 மணி நேரத்துக்குள் ஆன்ட்டி-டி ஊசியும் போடாமல் விட்டிருந்தால், தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள் இப்போதைய சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். அனுபவப்பட்ட செவிலியர் எடை பார்க்கும் சாக்கில் பெண்ணைத் தனியே அழைத்துப்போய்க் கேட்பார்.

இரும்புச்சத்து மாத்திரை தீராத பிரச்சினை. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் விழுங்க வேண்டும். ‘மாத்திரை போடுறியாம்மா?’ என்றால் ‘போடுறேன்க்கா’ என்ற பதில் தயாராக இருக்கும்; பிரிக்காத அட்டைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கும். குமட்டல், மலச்சிக்கல், பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற ஊர்ப்பேச்சு என்று காரணங்கள் பல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை போட்டால் மலம் கருக்கும். அதைக் கேட்டுப் பொய்யைப் பிடித்துவிடலாம். ஆனால் திட்டு வாங்கியவள் அடுத்த மாதம் அதற்கும் ‘ஆமாம்’ சொல்லக் கற்றுக்கொள்வாள். ‘இது சிலருக்குக் குமட்டும், உனக்கு எப்படி?’ என்று தொடங்குவதே மேல். குமட்டுகிறது என்று அவள் வாய்திறந்தால் வழி உண்டு: டீ, காபியோடு சேர்க்காமல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லலாம்.

செவிலியரின் நேர்மை பெரும்பாலும் அவர் எழுதுவதில் இருக்கிறது. பி.பி. பார்க்காமலே அட்டையில் 120/80 என்று போட்டால், பின்னால் பார்க்கும் டாக்டரும் ஏமாறுவார். பிரசவ அறையிலும் அப்படித்தான்; அங்கே பிரசவம் முன்னேறுவதைக் குறித்துவர பார்ட்டோகிராம் என்ற வரைபடம் இருக்கிறது. 1972இல் ஃபில்பாட், காசில் என்ற இருவர் இன்றைய ஜிம்பாப்வேயில், தொலைதூர நிலையங்களின் மருத்துவச்சிகளுக்காக அதில் எச்சரிக்கைக் கோட்டைச் சேர்த்தார்கள். கருப்பைவாய் விரிவதை நேரத்தோடு குறித்துவரும்போது அந்தக் கோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பினால் கோடு அழகாகத்தான் ஏறும். தாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

‘இது என் கைக்கு மீறினது, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்’ என்று நேரத்தில் சொல்லிவிடுவது செவிலியரின் திறமை. திட்டுக்குப் பயந்தால் அவரும் மறைக்கவே செய்வார். ஏன் அனுப்பினாய் என்று அவரைக் கண்டிக்கும் வழக்கத்தை மேலதிகாரிகள் கைவிட வேண்டும்.