ஒரு பாட்டின் சனது



இசை கூடுமா கூடாதா என்று பத்வா சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஒரு சமூகம் தன்னிடம் உள்ளதை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுக்கிறது, இன்னொரு சமூகம் அதை எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை.

வகுப்பில் அடிமை வியாபாரத்தைப் பற்றிச் சொல்லும்போது, அந்தக் கப்பல்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மேற்கு ஆபிரிக்காவின் ஃபூட்டா தோரோவில் மார்க்கம் படித்த உமர் இப்னு ஸஈத், 1807இல் அமெரிக்காவுக்கு அடிமையாகக் கொண்டுபோகப்பட்டார். 1831இல் வட கரோலினாவில் இருந்தபடி தன் வாழ்க்கைக் கதையை அரபியிலேயே எழுதினார்.

1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் மேளம் அடித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே அங்கு அவர்களுக்கு மேளத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. மேளத்தைப் பறிக்கலாம், தொண்டையைப் பறிக்க முடியாதே! வயல்களில் நீண்ட தனிக்குரலாகப் பாடினார்கள். ஓர் எழுத்தை இழுத்து, நடுங்கவிட்டு, மெல்ல இறக்கும் அந்தக் குரலில் பாங்கோசையின் சாயல் இருப்பதாக வரலாற்றாய்வாளர் சில்வியான் டியூஃப் எடுத்துக்காட்டியிருக்கிறார். இதை வைத்து "ப்ளூஸ் எங்கட சாமான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பல ஆபிரிக்கச் சமூகங்களின் பாட்டும், தேவாலயப் பாட்டும், ஐரோப்பாவின் கிட்டாரும் கலந்து, அமெரிக்கத் தென்பகுதியின் கொடுமைக்குள் பிறந்தது அது. அந்தக் கொடுமையை அனுபவித்த மக்களுக்கே அது சொந்தம்.

ஒரு செய்தி வந்தால் "யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்?" என்று கேட்கும் பழக்கம் நம் மார்க்கக் கல்வியில் உண்டு. அதைத்தான் சனது என்கிறோம். ஹதீஸையும் பாட்டையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை, அல்லாஹ் காப்பாற்றட்டும். அந்தக் கேள்வியை மட்டும் கடன் வாங்குகிறேன்.

மிசிசிப்பியில் ரொபர்ட் ஜோன்சன் என்ற இளைஞர் இருந்தார். சன் ஹவுஸ் என்ற மூத்த பாடகரைச் சுற்றிச் சுற்றி வருவார். கிட்டாரைத் தொட்டால் கூட்டம் முகம் சுளிக்கும். கொஞ்சக் காலம் ஊரில் காணாமல் போனார். திரும்பி வந்து வாசித்தபோது எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். நாற்சந்தியில் சைத்தானிடம் ஆத்மாவை விற்றுத்தான் இந்தத் திறமையை வாங்கினார் என்று கதை கட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கதைதான் ஓடுகிறது. உண்மையில் அவர் போனது ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார்காரரிடம். அந்த மனிதர் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்து, இரவில் சத்தமில்லாத மையவாடிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். ஜோன்சன் 1938இல் 27 வயதில் இறந்துவிட்டார். உலகம் அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் அவருடைய உஸ்தாதுக்குச் சேர வேண்டிய பெயர் சைத்தானுக்குப் போய்விட்டது. ஓர் ஆசிரியனாக எனக்கு வலிக்கிற இடம் இது.

அதே சன் ஹவுஸிடம் கேட்டு வளர்ந்த இன்னொருவர் மடி வோட்டர்ஸ். 1943இல் வயல் வேலையை விட்டு சிக்காகோ போனார். நகரத்துச் சத்தத்தில் சாதாரணக் கிட்டார் எடுபடவில்லை. மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தார். 1950இல் அவர் பதிவுசெய்த ஒரு பாட்டின் பெயரைத்தான் இங்கிலாந்தில் சில வெள்ளைக்காரப் பையன்கள் தங்கள் குழுவுக்கு வைத்தார்கள். அவர்கள்தான் ரோலிங் ஸ்டோன்ஸ். 1965இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, தங்களுக்கு முன்னோடியான ஹவ்லின் வுல்ஃபையும் மேடையேற்ற வைத்து, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இன்னொரு புகழ்பெற்ற ஆங்கிலக் குழு லெட் செப்லின். சிக்காகோவின் பாடலாசிரியர் வில்லி டிக்சனின் வரிகளை எடுத்துப் பாடி, அவர் பெயரைப் போடாமல் விட்டது. அவர் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. பெயரும் பிறகு சேர்ந்தது. இரண்டு குழுவும் வெள்ளையர்கள்தான், இரண்டும் வேறு சமூகத்தின் பாட்டைத்தான் எடுத்தன. ஒன்று சனதைச் சொன்னது, மற்றது மறைத்தது. சொல்லி எடுத்தால் வாரிசு, மறைத்து எடுத்தால் வேறு பெயர்.

சில நேரம் தொடர் தலைகீழாகவும் ஓடும். சன் ஹவுஸ் பாட்டை விட்டுவிட்டு எங்கோ மறைந்து வாழ்ந்தார். 1964இல் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் சில இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, பழைய பாட்டுகளை வாசிக்க அவருக்கே ஞாபகமில்லை. அப்போது இருபது வயதைத் தொட்டிருந்த அலன் வில்சன் என்ற வெள்ளைக்காரப் பையன் அவருடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்டே அவற்றைப் பாடமாக்கி வைத்திருந்தான். கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழவரின் பாட்டைக் கிழவருக்கே ஞாபகமூட்டிக் கொடுத்தான். அடுத்த வருடம் சன் ஹவுஸின் புதிய இசைத்தட்டு வந்தது.

மாலி நாட்டுக்கும் வருவோம். நைஜர் ஆற்றங்கரை ஊரான நியாஃபுங்கேயைச் சேர்ந்த அலி ஃபர்கா தூரே ஒரு முஸ்லிம், விவசாயி. அமெரிக்காவின் ஜோன் லீ ஹூக்கரைக் கேட்டபோது, இது எங்கள் மண்ணின் இசையல்லவா என்று நினைத்ததாகச் சொன்னவர். உலகப் புகழ் வந்தும் ஊரில் வயல் செய்தார். மகன் வியூ கிட்டார் எடுப்பதை முதலில் அவர் விரும்பவில்லை. பிறகு மனம் மாறி, 2006இல் மௌத்தாவதற்கு முன் மகனின் முதல் இசைத்தட்டில் கூடவே வாசித்தார். 2012இல் ஆயுதக் குழுக்கள் வட மாலியைப் பிடித்து இசையைத் தடைசெய்தன. பாட்டு அகதிகளோடு நடந்து தெற்கே போனது. 1740இல் மேளத்துக்கு நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் ஏன் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்? கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், ஒப்படைக்காக நாட்டார் பாடல் சேகரிக்கப் போனோம். வயதான ஒரு மூத்தம்மா கவி சொல்லத் தொடங்கும் முன் என் கொப்பியைப் பார்த்து, "மகன், இது என்ட மாமிட கவி. அவதான் எனக்குச் சொல்லித் தந்த. முதல்ல அவட பேர எழுதுங்க" என்றார். எழுத்துக் கூட்டவும் தெரியாதவர், சனதை விடவில்லை.

இப்போது அந்தக் கவிகள் மேடை நிகழ்ச்சிகளிலும் யூடியூபிலும் வருகின்றன. சந்தோசம். கீழே யார் பெயரும் இல்லை. வயல் வேலையும் பிள்ளை வளர்ப்பும் பிரிவும் தெரிந்த பெண்கள் கட்டிய பாட்டுக்கு "நாட்டார்" என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம்.

இந்த விடுமுறைக்கு என் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன், பெற்றோரும் உதவுங்கள். வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கவியோ, தாலாட்டோ, பழமொழியோ, அதுவும் இல்லையென்றால் ஒரு சமையல் பக்குவமோ கேட்டு போனில் பதிவுசெய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் மூன்று விடயங்கள் அவர்கள் வாயாலேயே வரட்டும்: தன் பெயர், தன் ஊர், யாரிடம் படித்தது.

மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். பதில் வர நேரமெடுக்கும். அந்தப் பெயரை அவர்கள் சொல்லிப் பல வருடம் ஆகியிருக்கும்.