சாவியைத் திருப்பும் முன்

எல்.எல்.ஆர். கையில் வந்தால் போதும், பாதி டிரைவர் ஆகிவிட்டது போல ஒரு நினைப்பு எல்லோருக்கும் வந்துவிடும். குன்னூரில் அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். சொல்லிக் கொடுக்க வந்தவர் தாய்மாமா. மேட்டுப்பாளையம் - ஊட்டி மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். கார், வீட்டில் கிடந்த பழைய மாருதி 800. 6 மாதம் செல்லும் எல்.எல்.ஆரில் 30 நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம். அவளுக்கோ 31-ஆம் நாளே போய்விட வேண்டும் என்று அவசரம்.

மாமா சொல்லிக் கொடுத்ததில் முக்கால்வாசி, வண்டியை நிறுத்தும் சமாச்சாரம்தான். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர். எங்கே நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக். இறக்கத்தில் முன் சக்கரம் இடது பக்கத் திண்டைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். வண்டி உருண்டாலும் திண்டில் முட்டி நிற்கும். "பிரேக் விட்டா கியர் புடிக்கும், கியர் நழுவினா திண்டு புடிக்கும் கண்ணு" என்பார். சக்கரத்துக்குக் கல் வைப்பதும் உண்டு. ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடாதவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். (பின்னால் வரும் டூவீலர்காரன் என்ன பாவம் செய்தான்? நியாயமான கோபம்தான்.)

இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கார் வீட்டு வாசலில், சுவரைப் பார்த்தபடி, முதல் கியரில் நின்றது. தரை சமம்தானே என்று முந்தின நாள் அவள் ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. பாட்டுப் போடலாம் என்று வெளியே நின்றபடியே கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினாள். கொஞ்சம் அதிகமாகவே திருப்பிவிட்டாள்.

வண்டி ஒரே துள்ளு! சுவர் ஓரம் குழாயடியில் இருந்த பிளாஸ்டிக் வாளி அப்பளம் போல நொறுங்கியது. அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், அம்மா கூப்பிட்டாள் என்று அப்போதுதான் உள்ளே ஓடியிருந்தான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது...

கியரில் இருக்கும்போது இன்ஜினும் சக்கரமும் பிணைந்திருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். கிளட்சை மிதித்தால்தான் அந்தப் பிணைப்பு விடும். இப்போது வரும் பல கார்கள் கிளட்சை மிதிக்காவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. பழைய 800-க்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது.

மாமா திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. உடைந்த வாளியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கியர்ல போட்டு நிறுத்தச் சொன்னேன். திரும்ப எடுக்கறப்ப என்ன பண்ணணும்னு சொல்லாம விட்டுட்டேன். எந் தப்பு கண்ணு" என்றார். அது பாதிதான் உண்மை. ஹேண்ட் பிரேக்கைப் பற்றி அவர் பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

அடுத்த ஒரு வாரம் கார் ரோட்டையே பார்க்கவில்லை. ஸ்டார்ட் செய், அணை, இறங்கு, மறுபடி ஏறு. முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். அடியில் தெருநாய் படுத்திருக்கிறதா, பின்னால் குழந்தை உட்கார்ந்திருக்கிறதா? குளிர் ஊர் என்பதால் பானெட்டில் கையால் இரண்டு தட்டு. சூடு தேடிப் பூனை ஏறியிருக்கும். அப்புறம் சீட், கண்ணாடி, பெல்ட். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதா? வலது கால் பிரேக்கில், இடது கால் கிளட்சில் முழுசாக. கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் சாவி.

இறங்கும்போது இடது கையால்தான் வலது பக்கக் கதவைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகவே திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். நெதர்லாந்தில் இது பழைய பழக்கம். மாமா ஒன்றும் அவர்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டவர் இல்லை.

மூன்றாம் நாள் அவளுக்கு அலுத்துவிட்டது. "இன்னும் எத்தனை தடவைங்க மாமா?"

"கை தானாப் போற வரைக்கும்."

31-ஆம் நாள் டெஸ்டுக்குப் போகவில்லை. 52-ஆம் நாள் போய், பாஸ் செய்தாள். புது வாளி அவள் காசில் வாங்கியது, சிவப்பு நிறம். அந்தப் பையன் இப்போதும் அதே குழாயடியில்தான் தண்ணீர் பிடிக்கிறான். அவள் வண்டி எடுக்க வந்தால் முதலில் அவனைப் படியில் ஏறி நிற்கச் சொல்கிறாள். அவன் ஏறி நிற்கும்வரை சாவி கைப்பையை விட்டு வெளியே வருவதில்லை.