ஒரு கீறலும் சில பொட்டுகளும்

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் போன மணல் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் எகிறி வந்து எங்கள் காரின் முன் கண்ணாடியில் 'டக்'கென்று பட்டது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். "உடைஞ்சிருச்சா?" என்றாள் என் மனைவி. "ஒன்றுமில்லை" என்றேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது, கண்ணாடியின் வலது பாதியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு நட்சத்திரம் போல ஒரு வடு விழுந்திருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, ரப்பர் பீடிங்கின் ஓரத்திலிருந்து ஒரு கீறல், நாலு விரற்கடை நீளம், மேலே கிளம்பியிருந்தது.

லாரிக்காரனைத் திட்டினேன். அடுத்த மூன்று மாதமும் திட்டிக்கொண்டே இருந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

கார், 1984ஆம் வருஷத்து அம்பாசிடர். அப்பா வாங்கியது. வாங்கும்போதே ஒரு கை மாறி வந்த வண்டி. அவர் போனபிறகு விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. நான் விற்கவில்லை. வத்தலக்குண்டில் எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டால் யாரும் மிரண்டுவிட மாட்டார்கள். ராஜமய்யர் பிறந்த ஊர், பி. எஸ். ராமையாவின் ஊர், செல்லப்பா வளர்ந்த ஊர். ஆனால் ஓர் எழுத்தாளன் அம்பாசிடரில் வந்து இறங்கினால் டீக்கடையில் இரண்டு பேராவது எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதை எனக்கா, காருக்கா, அப்பாவுக்கா என்று நான் விசாரித்ததில்லை.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1991இல், நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, குடும்பத்தோடு கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். காட்ரோடு தாண்டி மலையில் ஏறி நாலைந்து வளைவு போயிருப்போம். அப்போதும் ஒரு கல்தான். ஆனால் அன்று 'டக்' என்று கேட்கவில்லை. பொரிகடலை வறுக்கிற சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். ஒரே கணத்தில் முன் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. மலை இல்லை, சாலை இல்லை, வளைவு இல்லை. கண்ணெதிரே கற்கண்டுச் சுவர். அப்பா பிரேக்கை மிதித்து, துண்டை முழங்கையில் சுற்றிக்கொண்டு அந்தச் சுவரை இடித்தார். தூள் அம்மா மடியில் கொட்டியது. அப்படியே மெதுவாக இறங்கி ஊர் வந்து சேர்ந்தோம். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் அது பெரிய ஆனந்தமாக இருந்தது. காற்று நேராக முகத்தில் அடித்தது.

அது கடினப்படுத்திய கண்ணாடி. சூடேற்றி, மேல்பரப்பைச் சட்டென்று குளிரவைத்துச் செய்வது. வெளித்தோல் இறுக்கத்திலும் உள்பாகம் இழுப்பிலும் இருக்கும். லேசில் உடையாது, உடைந்தால் ஓரிடத்தில் மட்டும் உடையாது. கூரான துண்டாக இல்லாமல் உதிரியாகக் கொட்டுவதால் கழுத்தை அறுக்காது என்பது அதன் புண்ணியம். ஆனால் ஓட்டுகிறவனை ஒரு நொடியில் குருடாக்கிவிடும்.

அப்பா மறுவாரமே மதுரைக்குப் போய், பணம் கூடக் கொடுத்து, இரண்டு அடுக்குக் கண்ணாடியாக வாங்கிப் போட்டார். லாமினேட்டட் என்பார்கள். இரண்டு கண்ணாடித் தகட்டின் நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒன்றை வைத்து ஒட்டியது. அடிபட்டால் வெளித்தகடு கீறும், ஏடு பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த கதை ருசியானது. எத்வார் பெனெதிக்துஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1903இல் தம் சோதனைச்சாலை அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையைக் கைதவறிக் கீழே போட்டாராம். குடுவை விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. எப்போதோ உள்ளே வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து, ஏடாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் அதற்கு உரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண்வில்லைக்கு அந்த வகைக் கண்ணாடி உதவியது. குடுவையைக் கழுவாமல் வைத்த சோம்பேறித்தனத்தால் உலகத்துக்கு இவ்வளவு நன்மை. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவாமல் வைத்தால் வேறு மாதிரிப் பலன் கிடைக்கிறது.

"இனிமே உடைஞ்சாலும் நம்ம மேல விழாது" என்றார் அப்பா, புதுக் கண்ணாடியைத் தட்டிக் காட்டி. அது 1991. இப்போது கீறியிருப்பது அந்தக் கண்ணாடிதான். இதை மாற்றுவது என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் கீறலை நிரப்பிக் கொடுக்கிற பையன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். காரியம் சுலபம்தான். அடிபட்ட குழியின்மேல் சிறிய பம்பு மாதிரி ஒன்றை ஒட்டவைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு பிசின் போன்ற திரவத்தை உள்ளே செலுத்துகிறார்கள். புறஊதா விளக்கைக் காட்டினால் அது கெட்டியாகிறது. மேலே வழிந்ததை பிளேடால் சுரண்டி விடுகிறார்கள். கண்ணாடிக்குள் ஒளி எப்படி வளைகிறதோ ஏறக்குறைய அப்படியே பிசினுக்குள்ளும் வளைவதால் வடு மங்கிப் போகிறது, மறைவதில்லை. அந்தப் பையன் நகத்தால் வெளியே தடவினான், உள்ளே தடவினான். உள்தகடு வழவழப்பாக இருந்தது.

"சார், கல்லு பட்ட இடத்த நிரப்பிடலாம். அது ஒண்ணுமில்ல. ஆனா இந்தக் கீறல் ஓரத்துல இருந்து வருது. ஓரத்தத் தொட்டதுல நாங்க கை வைக்கிறதில்ல. நிரப்பினாலும் நிக்குமான்னு சொல்ல முடியாது. அதோட, ஓட்டுறவங்க கண்ணுக்கு நேரா ஏறுது. நீங்க ரொம்ப ஆசைப்பட்டா செய்யறேன். 1,200 ரூபாய். கேரண்டி கிடையாது."

இவ்வளவு நேர்மையாக ஒருவன் பேசினால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் "செய்யறேன்" என்ற வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கண்ணாடிக்கடை பாய் அப்பாவுக்குப் பழக்கமானவர். அவர் யோசிக்கவே இல்லை. "மாத்திருங்க தம்பி" என்றார். உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014லேயே நின்றுவிட்டதே, கண்ணாடி கிடைக்குமா என்றேன். (வண்டி நின்றது மட்டுமா! 2017இல் அந்தப் பெயரையே பியூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பெயரை விற்கலாம் என்று தெரிந்திருந்தால் என் நாவல்களுக்கு இன்னும் நல்ல பெயராக வைத்திருப்பேன்.) பாய் சிரித்தார். வருஷக்கணக்காக மேனி பெரிதாக மாறாத வண்டி, ஓடுகிற வண்டி இன்னும் எத்தனையோ இருக்கிறது, கண்ணாடி வரும் என்றார். கண்ணாடியும் பீடிங்கும் கூலியுமாக ஆறாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றார். பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் கட்டிவருகிறவன் நான். அதில் கண்ணாடிக்குக் காலணா வராது.

இப்படியாக ஆனியும் ஆடியும் போயின. 1,200 எங்கே, 6,000 எங்கே என்று கணக்குப் போட்டேன். ஆனால் பணம் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். பழையதைக் காப்பாற்ற வேண்டும், தூக்கி எறியக் கூடாது என்று கதைகதையாக எழுதிச் சம்பாதித்தவன் நான். அப்பா கையால் தட்டிக் காட்டிய கண்ணாடியை நானே கழற்றி எறிவதா?

இதற்கிடையில் கீறல் சும்மா இருக்கவில்லை. வளர்கிறதா இல்லையா என்பதில் எனக்கும் மனைவிக்கும் தகராறு. அதைத் தீர்க்க, அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துக் கீறலின் நுனியில் உள்பக்கமாக ஒட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீறல் பொட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு பொட்டு. ஒருதரம் கொடைக்கானல் போய்வந்தோம். கீழே வெயில் கொதிக்கிறது, மேலே ஏழாயிரம் அடியில் விரல் விறைக்கிறது. அந்த வாரம் மட்டும் கீறல் ஒரு சாண் ஓடியது. ஆடி முடிவதற்குள் ஏழு பொட்டுகள், மெரூன் நிறத்தில், வரிசையாக என் முகத்துக்கு நேரே ஏறி வந்தன.

"உங்க கண்ணாடிக்குத்தான் இப்ப நெத்தி நிறையப் பொட்டு" என்றாள். "என் டப்பா காலி."

ஆவணியில் ஒரு மாலை, தேவதானப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பினோம். மேற்கே போகிற சாலை. சூரியன் பழனி மலைக்குமேல் ஒரு பனை உயரத்தில் நின்றுகொண்டு நேராக முகத்தில் அடித்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக மணலும் வைப்பரும் தேய்த்த கண்ணாடி. ஒவ்வொரு பொடிக் குழியும் ஒரு விளக்காக எரிந்தது. நடுவே அந்தக் கீறல், பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி. கண் கூசியது. அதைத் தவிர்ப்பதற்காகத் தலையைச் சற்று வலப்புறம் சாய்த்தேன். மூன்று மாதமாக அப்படிச் சாய்த்தே ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"என்னங்க!" என்று மனைவி கத்தினாள்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி முனகிக்கொண்டு நின்றது. பம்பருக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில், தலையில் அகத்திக்கீரைக் கட்டோடு ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தாள். இடப்பக்கம் இருந்த வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஆட்டுக்குத் தழை கொண்டுபோகிறவள். ஓடிவந்து விழுந்தவள் இல்லை. நிதானமாக, பாதிச் சாலையைக் கடந்து வந்திருக்கிறாள். அவ்வளவு நேரமும் அவள் என் கண்ணெதிரே இருந்திருக்கிறாள், நான்தான் பார்க்கவில்லை.

கட்டு ஆடவில்லை. அவள் என் மூக்குக் கண்ணாடியை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுமாய்யா கண்ணு தெரியல?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

கல்யாண வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அன்று இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை, சூரியன் நன்றாக மேலே ஏறிய பிறகு ஊர் திரும்பினோம். நேராகப் பாய் கடைக்குப் போனேன்.

கண்ணாடி வர நாலு நாள் ஆயிற்று. மாட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்தக் காலத்துக் கார்களில் கண்ணாடியைப் பசையால் ஒட்டுகிறார்கள். வண்டியின் பலத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் வண்டியில் வெறும் ரப்பர் பிடிதான். பாயும் உதவிப் பையனும் பீடிங்கை அறுத்தார்கள். கருவாடு மாதிரிக் காய்ந்து ஒடிந்து வந்தது. கண்ணாடியை உள்ளேயிருந்து மெள்ளத் தள்ளி எடுத்து, சாக்கின்மேல் கிடத்தினார்கள். பொட்டுகள் ஏழும் அதிலேயே இருந்தன.

"தம்பி, இங்க வாங்க" என்றார் பாய்.

கண்ணாடி உட்கார்ந்திருந்த தகர விளிம்பைக் காட்டினார். வலது கீழ் மூலையில் ஓர் அரையடிக்குத் துரு. சும்மா பழுப்பேறிய துரு இல்லை. அடுக்கடுக்காகப் பூரித்து, சோளப்பொரி மாதிரி எழும்பியிருந்தது. காய்ந்த ரப்பருக்கு அடியில் மழைத்தண்ணீர் இறங்கி எத்தனையோ வருஷமாக வேலை செய்திருக்கிறது. துரு பருக்கப் பருக்கக் கண்ணாடியின் ஓரத்தைக் கீழேயிருந்து நெம்பியிருக்கிறது. கீறல் சரியாக அந்த இடத்திலிருந்து கிளம்பியிருந்தது. கல் பட்ட நட்சத்திரத்துக்கு அரை அங்குலம் தள்ளி, அதைத் தொடாமலே மேலே போயிருந்தது. மூன்று மாதம் தினமும் பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

"கல்லு அடிச்சது வேற, ஓடினது வேற" என்றார் பாய். "லாரிக்காரன் அடிக்காட்டியும் இது ஓடியிருக்கும். பிசின் ஊத்தியிருந்தாலும் திரும்ப ஓடியிருக்கும். புதுக் கண்ணாடியை இந்தத் துருமேலே வச்சா அதுவும் ஓடும்."

அந்த லாரிக்காரனை நான் திட்டிய வசவுகளை எல்லாம் எங்கே கொண்டு போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவைக்க ஒரு பகல் போயிற்று. அதற்குத் தனியாக 700 ரூபாய். மறுநாள் மாட்டினார்கள். அதுதான் பார்க்கவேண்டிய காட்சி. புதுப் பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றிப் போட்டு, அதன் உள் வாயில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் புதைத்து, இரு நுனியையும் உள்ளே தொங்கவிட்டார் பாய். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை விளிம்பில் பொருத்தினார்கள். பையன் வெளியே நின்று உள்ளங்கையால் பதமாகத் தட்டிக்கொண்டே வந்தான். பாய் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தை ஒவ்வோர் அங்குலமாகக் கவ்விக்கொண்டு போயிற்று. மூலையில் ஒருகணம் இருவரும் மூச்சுவிடவில்லை. கயிறு முழுவதும் பாய் கைக்கு வந்ததும், ரப்பருக்கு அடியில் பசை பாய்ச்சி, வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பழைய கண்ணாடி சாக்கின்மேல் கிடந்தது. "எடுத்துட்டுப் போறீங்களா தம்பி?" என்று பாய் கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்தவர் ஆயிற்றே. நான் குனிந்து அதை ஒருதரம் தட்டிப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

"பசை இறுகணும். நாலு நாளைக்குக் கதவை ஓங்கிச் சாத்தாதீங்க. சாத்தறதா இருந்தா ஒரு சைடு கண்ணாடிய இறக்கி விட்டுச் சாத்துங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் இதை மனைவியிடம் மிகவும் விளக்கமாகச் சொன்னேன். சாயங்காலம் அவளை உட்காரவைத்து மஞ்சளாறு வரை போய்வந்தேன். சாலை கழுவிவிட்டது போல இருந்தது. திரும்பி வந்து வாசலில் இறங்கியவள், பேச்சுவாக்கில், கல்யாணமான நாள் முதல் சாத்துவது போலவே அந்தக் கதவை ஓங்கி அறைந்து சாத்தினாள். அம்பாசிடர் கதவு வேறு எப்படியும் சாத்திக்கொள்ளாது.

இரண்டு பேரும் அசையாமல் நின்று கண்ணாடியைப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.